ஆர்தரின் பழைய தோழன் கேய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்தர் மன்னனின் கதைகளைச் சிறுவர் நூல்களிலோ திரைப்படங்களிலோ பார்த்தவர்களுக்கு 'சர் கே' என்றதும் ஒரு சிடுமூஞ்சிதான் நினைவுக்கு வரும். அரண்மனைச் சமையலறையை மேற்பார்வை பார்ப்பவன், புதிதாக வரும் இளைஞர்களைக் கிண்டல் செய்து பிறகு அவர்களிடமே அடி வாங்குபவன். அந்த மனிதனுக்கு வேல்ஸ் நாட்டின் பழைய கவிதைகளிலும் கதைகளிலும் வேறொரு முகம் இருக்கிறது. அங்கே அவன் பெயர் கேய். அவனைக் கண்டு அரக்கர்கள் அஞ்சினார்கள். இந்தப் பக்கம் அந்தப் பழைய கேயைப் பற்றியது.

கேய் என்பவன் யார்?

வேல்ஸ் மரபில் ஆர்தரின் மிக நெருங்கிய இரண்டு வீரர்களில் ஒருவன். மற்றவன் பெட்விர். பிற்காலக் கதைகளில் புகழ்பெற்ற வீரனான லான்சலாட்டின் பெயரை யாரும் கேள்விப்படாத காலத்திலேயே, வட்ட மேசை கதைக்குள் வருவதற்கு முன்பே, ஆர்தருடன் இந்த இருவரும் இருந்தார்கள். கேயின் தந்தை 'அழகிய தாடிக்காரன்' என்று பட்டப்பெயர் பெற்ற கினிர். மூன்று மூன்றாகப் பெயர்களைத் தொகுத்துச் சொல்லும் 'பிரிட்டன் தீவின் மும்மைகள்' என்ற பழந்தொகுப்பு, போரில் தலைப்பட்டம் சூடிய மூவரில் ஒருவனாகக் கேயைச் சொல்கிறது.

அவனுக்கு என்னென்ன ஆற்றல்கள் இருந்தன?

1100ஆம் ஆண்டையொட்டி இன்றைய வடிவம் பெற்றதாகக் கருதப்படும் 'கில்ஹுக்கும் ஓல்வெனும்' கதை இதை விரிவாகச் சொல்கிறது. ஒன்பது இரவும் ஒன்பது பகலும் தண்ணீருக்கடியில் மூச்சை அடக்கி இருப்பான். ஒன்பது இரவும் ஒன்பது பகலும் தூங்காமல் இருப்பான். அவன் வாளால் பட்ட காயத்தை எந்த வைத்தியனாலும் ஆற்ற முடியாது. நினைத்தால் காட்டிலேயே உயரமான மரத்தின் அளவுக்கு வளர்ந்து நிற்பான்.

எனக்கு மிகவும் பிடித்தது அவன் உடம்புச் சூடு. மழை எவ்வளவு கொட்டினாலும் அவன் கையில் இருக்கும் பொருள், கைக்கு மேலே ஒரு சாண், கீழே ஒரு சாண் அளவுக்கு நனையாமல் இருக்குமாம். தோழர்கள் குளிரில் விறைக்கும்போது நெருப்பு மூட்ட அவனே விறகு போல உதவுவானாம். மற்ற ஆற்றல்கள் எல்லாம் எதிரிக்கு எதிரானவை. இது மட்டும் கூட இருப்பவர்களுக்கானது. வேல்ஸ் மலைகளின் மழையில் நனைந்தபடி நடந்தவர்களுக்கு மத்தியில் பிறந்த கற்பனை இது என்று படித்ததுமே தெரிகிறது.

அவ்வளவு சூடான உடம்புக்காரனை 'குளிர்ந்த நெஞ்சுக்காரன்' என்று ஏன் சொல்கிறார்கள்?

அதைச் சொன்னவர் அவனுடைய தந்தை. அதே கதையில் கினிர் தன் மனைவியிடம் பேசுகிறார்: உன் மகனிடம் என்னுடைய அம்சம் ஏதாவது இருந்தால் அவன் நெஞ்சம் எப்போதும் குளிர்ந்தே இருக்கும், கைகளில் வெதுவெதுப்பு இராது, பிடிவாதக்காரனாக இருப்பான். தொடர்ந்து, அவன் சுமக்கும் சுமை சிறிதோ பெரிதோ முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் யார் கண்ணுக்கும் தெரியாது, நீரையும் நெருப்பையும் அவனைப் போல் தாங்குபவர் இல்லை, அவனைப் போன்ற பணியாளனும் இல்லை என்கிறார்.

கைகளில் சூடு இராது என்று தந்தை சொல்ல, கையில் இருப்பது நனையாத அளவுக்குச் சூடு என்று கதைசொல்லி சொல்கிறான். இரண்டும் ஒரே கதையில் வருகின்றன. இதைக் கதைசொல்லியின் கவனக்குறைவாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. வேலை என்று வந்தால் உயிரைக் கொடுத்துச் செய்வான், ஆனால் மனதில் பட்ட ஒரு சொல்லை மறக்கவே மாட்டான். கதை முழுவதும் அவன் இப்படித்தான் நடந்துகொள்கிறான். யாருக்கும் தெரியாத சுமை என்பதும் அவனுக்கு அப்படியே பொருந்துகிறது.

கேயைப் பற்றிய பழைய கவிதை எது?

'வாசற்காவலன் யார்?' என்று முதல் வரியிலேயே கேட்கும் கவிதை. 1250ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட 'கார்மார்தன் கறுப்புப் புத்தகம்' என்ற ஏட்டில் இருக்கிறது. கவிதை அந்த ஏட்டைவிடப் பழையது. ஆர்தரும் கேயும் ஒரு கோட்டை வாசலில் நிற்கிறார்கள். காவலன் க்ளெவ்லுயிட், உன்னுடன் வந்திருப்பவர்கள் யார் என்று சொன்னால்தான் உள்ளே விடுவேன் என்கிறான். ஆர்தர் தன் ஆட்களின் பெருமையைச் சொல்லத் தொடங்குகிறான். பெயர்கள் பல வந்தாலும் பேச்சு திரும்பத் திரும்பக் கேயிடமே போகிறது. குடிக்க உட்கார்ந்தால் நாலு பேர் குடிப்பதைக் குடிப்பான், போருக்குப் போனால் நூறு பேர் அளவுக்கு வெட்டுவான். கடவுளே செய்தாலொழிய அவனுக்குச் சாவு நேராது. ஒன்பது சூனியக்காரிகளைக் கொன்றவன்.

கவிதை பாதியில் அறுந்துபோகிறது. கேய் மோன் தீவுக்குப் போய்ப் பாலிக் பூனையை எதிர்கொள்ளும் இடம் வரைதான் நமக்குக் கிடைத்திருக்கிறது.

பாலிக் பூனையா? ஒரு பூனையோடு போரிடுவதில் என்ன வீரம்?

அது வீட்டுப் பூனை இல்லை. நூற்றெண்பது வீரர்கள் அதற்கு இரையானார்கள் என்கிறது அந்தக் கவிதை. அதன் பிறப்பை மும்மைத் தொகுப்பு சொல்கிறது. ஹென்வென் என்ற மாயப் பன்றி வேல்ஸ் முழுக்க அலைந்து, சில இடங்களில் கோதுமையும் தேனீயும் ஈன்றது, சில இடங்களில் ஓநாய்க் குட்டியும் கழுகுக் குஞ்சும் ஈன்றது. ஆர்வோன் பகுதியில் ஒரு கறும்பாறைக்கு அடியில் அது ஈன்றதுதான் இந்தப் பூனைக்குட்டி. பன்றி மேய்ப்பவன் அதைக் கடலில் வீசிவிட்டான். நீரிணையைக் கடந்து அது மோன் தீவில் கரையேற, பாலிக் என்பவனின் மகன்கள் எடுத்து வளர்த்தார்கள். பிறகு அது அந்தத் தீவையே வாட்டும் கொடுமையாக வளர்ந்தது. ஆங்கிலத்தில் ஆங்கில்சீ எனப்படும் தீவுதான் மோன்.

ஓல்வென் கதையில் கேயின் பங்கு என்ன?

இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். அரக்கன் இஸ்பதாதெனின் மகள் ஓல்வென். அவளை மணக்க விரும்பும் கில்ஹுக், தன் உறவினனான ஆர்தரிடம் உதவி கேட்டு வருகிறான். அப்போது அரண்மனையில் விருந்து நடக்கிறது. விருந்து தொடங்கிவிட்டால் அரசகுமாரனையும் கைத்தொழில் தெரிந்தவனையும் தவிர யாருக்கும் கதவு திறக்கக் கூடாது என்பது சட்டம். ஆர்தர் உள்ளே விடச் சொல்ல, கேய் மறுக்கிறான்: என் பேச்சைக் கேட்பதாக இருந்தால், இவனுக்காக அரண்மனைச் சட்டத்தை மீறக் கூடாது. நம்மைத் தேடி ஆட்கள் வரும்வரைதான் நாம் பெரியவர்கள் என்று ஆர்தர் பதில் சொல்லிக் கதவைத் திறக்க வைக்கிறான்.

சரி, இங்கேயே சிடுமூஞ்சி கேய் வந்துவிட்டானே என்று தோன்றலாம். அடுத்து நடப்பதைப் பாருங்கள். ஓராண்டு தேடியும் ஓல்வென் கிடைக்கவில்லை. எனக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை, ஆர்தரின் மானத்தை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று கில்ஹுக் கோபிக்கிறான். உடனே எழுந்து நிற்பவன் கேய்தான். ஆர்தரை நீ அளவுக்கு மீறிப் பழிக்கிறாய், எங்களோடு வா, அவளைக் கண்டுபிடிக்கும்வரை அல்லது அப்படி ஒருத்தி உலகில் இல்லை என்று நீயே ஒத்துக்கொள்ளும்வரை உன்னைப் பிரிய மாட்டோம் என்கிறான். வாசலில் எவனைத் தடுத்தானோ அவனுக்காகப் புறப்படும் முதல் ஆள் அவன்.

வழியில் ஓர் ஆட்டிடையன் வீடு. இடையனின் மனைவி இவர்களைக் கண்ட மகிழ்ச்சியில் கட்டித் தழுவ ஓடிவருகிறாள். கேய் சட்டென்று விறகுக் குவியலிலிருந்து ஒரு கட்டையை உருவி அவள் கைகளுக்கு நடுவே நீட்டுகிறான். அவள் இறுக்கிய இறுக்கில் கட்டை முறுக்கிய கொடியாகிவிடுகிறது. என்னை இப்படி அணைத்திருந்தால் இனி வேறு யாரும் என்னை நேசிக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது, பொல்லாத அன்புதான் இது என்கிறான் கேய். பழைய கேயின் நாக்கும் கூர்மையானதுதான். ஆனால் அந்தக் கூர்மை யாரையும் புண்படுத்தவில்லை.

அதே வீட்டில் அவள் ஒரு கல்பெட்டியைத் திறக்கிறாள். உள்ளே சுருள் முடியுடன் ஒரு பையன். அவளுடைய 24 மகன்களில் 23 பேரை அரக்கன் கொன்றுவிட்டான், மிஞ்சியவன் இவன் ஒருவன். கேய் சொல்கிறான்: இவன் என்னோடு இருக்கட்டும், செத்தால் இருவரும் சேர்ந்தே சாவோம். பின்னால் கோரெய் என்று பெயர் பெறும் அந்தப் பையன்தான் கதையின் முடிவில் இஸ்பதாதெனின் தலையை வெட்டுகிறான். குளிர்ந்த நெஞ்சுக்காரன் என்று தந்தை சொன்ன ஆள் இவன்தானா என்று அந்த இடத்தில் கேட்கத் தோன்றுகிறது.

உர்நாக் என்ற அரக்கனை எப்படிக் கொன்றான்?

தந்திரத்தால். மகளைத் தர இஸ்பதாதென் விதித்த நிபந்தனைகளில் ஒன்று உர்நாக்கின் வாளைக் கொண்டுவருவது. கேயும் தோழர்களும் கோட்டை வாசலுக்குப் போக, விருந்து தொடங்கிவிட்டது, தொழில் தெரிந்தவனைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லை என்கிறான் காவலன். கேய் கில்ஹுக்குக்கு எதிராக எடுத்துச் சொன்ன அதே சட்டம், இப்போது அவன் முகத்துக்கு நேராகவே வருகிறது. அவன் அசரவில்லை. எனக்கு ஒரு தொழில் தெரியும், வாள் தீட்டுபவர்களில் நானே சிறந்தவன் என்கிறான்.

அந்தக் கோட்டைக்கும் அப்படி ஓர் ஆள் தேவையாக இருந்தது. உள்ளே போய், கக்கத்திலிருந்து சாணைக்கல்லை எடுத்து, வாளின் ஒரு பக்கத்தை மட்டும் தீட்டிக் காட்டுகிறான். உர்நாக்குக்குப் பரம திருப்தி. அப்புறம் தன் தோழன் என்று சொல்லி பெட்விரையும் உள்ளே வரவழைத்துக்கொள்கிறான். இதற்குள் கோரெய் முதலானோர் மதில்களைத் தாண்டி வந்துவிடுகிறார்கள். வேலை முடிந்ததும் கேய், உன் வாளைக் கெடுத்ததே இந்த உறைதான், கொடு, உள்ளே இருக்கும் மரத்தகடுகளை எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்து தருகிறேன் என்கிறான். ஒரு கையில் உறை, மறு கையில் வாள். வாளை உறையில் செருகுவது போல அரக்கனுக்கு மேலே நின்று, ஒரே வீச்சில் தலையைச் சாய்க்கிறான்.

ஒரு கொலைக்காட்சியில் உறையின் மரத்தகடு வரைக்கும் பேச்சு போகிறதே, அதுதான் இந்தக் கதைசொல்லியின் திறமை. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் வாள் பிடித்தவர்களும் இருந்திருப்பார்கள்.

சால்மன் மீன் மேல் சவாரி செய்தது கேய்தானா?

ஆமாம். இதுவும் இஸ்பதாதெனின் நிபந்தனைகளில் ஒன்றுக்காகத்தான். பிறந்து மூன்று இரவிலேயே தாயிடமிருந்து களவாடப்பட்ட மாபொனைத் தேடி, கரும்பறவை, மான், ஆந்தை, கழுகு என்று ஒன்றைவிட ஒன்று முதிய விலங்குகளிடம் கேட்டுக்கொண்டே போகிறார்கள். கடைசியில் எல்லாவற்றிலும் முதியதான சால்மன் மீன், தன் தோளில் கேயையும் மொழிகள் அறிந்த குர்ஹிரையும் ஏற்றிக்கொண்டு, இன்றைய க்ளஸ்டர் நகர்க் கோட்டையின் சுவர் வரை செவர்ன் ஆற்றில் கொண்டுபோகிறது. சுவருக்குப் பின்னால் மாபொனின் அழுகுரல் கேட்கிறது. பிறகு ஆர்தரின் படை முன்பக்கம் தாக்க, கேய் சுவரை உடைத்து மாபொனை முதுகில் சுமந்து வருகிறான்.

ஆர்தருக்கும் கேய்க்கும் ஏன் முறிந்தது?

என்னைக் கேட்டால் கேயின் வாழ்க்கையில் முக்கியமான சம்பவம் இதுதான். பிம்லிமோன் மலையுச்சியில், உலகமே காணாத பெருங்காற்றில் கேயும் பெட்விரும் உட்கார்ந்திருக்கிறார்கள். தொலைவில் ஒரு புகை, காற்றுக்குச் சற்றும் சாயாமல் நேராக எழுகிறது. அங்கே தாடிக்கார டில்லிஸ் என்ற பயங்கர வீரன் காட்டுப்பன்றியைச் சுட்டுக்கொண்டிருக்கிறான். இஸ்பதாதெனின் நிபந்தனைப்படி, அவன் தாடி மயிரால் திரித்த கயிறுதான் ஒரு வேட்டை நாய்க்குட்டியைக் கட்டும். அதுவும் அவன் உயிரோடு இருக்கும்போதே மரச்சாமணத்தால் பிடுங்கியதாக இருக்க வேண்டும். செத்தபின் எடுத்தால் மயிர் நொறுங்கிவிடும்.

இருவரும் அவன் வயிறு புடைக்கத் தின்று தூங்கும்வரை காத்திருக்கிறார்கள். காலடியில் ஒரு குழி தோண்டி, ஓங்கி ஓர் அடி கொடுத்து, குழிக்குள் அமுக்கி, தாடியைப் பிடுங்கி முடித்தபின் கொல்கிறார்கள். கயிற்றைக் கார்ன்வாலிலுள்ள கெல்லி விக்குக்குக் கொண்டுபோய் ஆர்தர் கையில் கொடுக்கிறான் கேய்.

ஆர்தர் அப்போது ஒரு சின்னப் பாட்டுக் கட்டுகிறான். டில்லிஸின் தாடியில் கேய் கயிறு திரித்தான், அவன் உயிரோடு நல்ல நிலையில் இருந்திருந்தால் உனக்குச் சாவுதான் என்பது அதன் கருத்து. சபையில் எல்லோர் முன்னாலும், வேலையை முடித்து வந்தவன் முகத்துக்கு நேராகச் சொல்லும் வார்த்தையா இது? கேய்க்கு வந்த கோபத்தில், தீவின் வீரர்கள் எல்லாம் சேர்ந்தும் அரும்பாடுபட்டே இருவரையும் சமாதானப்படுத்த முடிந்தது. அதற்குப் பிறகு ஆர்தருக்குப் பலம் குன்றியபோதும், ஆட்கள் மடிந்தபோதும், கேய் உதவிக்கு வரவில்லை என்று கதை சொல்லிவிடுகிறது. கதையின் உச்சமான மாபெரும் பன்றி வேட்டையில் பெட்விர் இருக்கிறான். கேய் இல்லை.

தவறு ஆர்தருடையது என்றே நான் நினைக்கிறேன். கேயின் பிடிவாதத்தையும் நியாயப்படுத்த முடியாது. பன்றி வேட்டையில் செத்துப்போனவர்கள் அவனுடைய தோழர்களும்தான்.

அப்படியானால் பிற்காலத்தில் அவன் சிடுமூஞ்சி ஆனது எப்படி?

1136ஆம் ஆண்டையொட்டி மான்மத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி லத்தீனில் எழுதிய 'பிரிட்டன் அரசர்களின் வரலாறு', கேயை அரண்மனை மேலாளனாகவும் ஆஞ்சு பகுதியின் பிரபுவாகவும் ஆக்கியது. மரியாதையான பதவிதான். ஆனால் விருந்தைக் கவனிப்பவன் என்ற அடையாளம் அங்கே ஒட்டிக்கொண்டது. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் க்ரெத்தியான் தெ துருவா எழுதிய காவியங்களுக்குப் புதிய நாயகர்கள் தேவைப்பட்டார்கள். புதியவன் உயர்ந்து தெரிய, பெயர்பெற்ற ஒரு பழையவன் அவனிடம் தோற்க வேண்டும். அதற்குக் கேய் வசதியாக அமைந்தான். பெர்சிவல் கதையில் அவன் ஒரு பெண்ணை அறைகிறான். பிறகு பெர்சிவலிடம் மோதிக் கையை முறித்துக்கொள்கிறான்.

இந்தப் போக்கு வேல்ஸ் மொழிக்கும் திரும்பி வந்தது. 'பெரெதிர்' கதையில் பெரெதிரை வரவேற்ற ஒரு குள்ளனையும் குள்ளியையும் கேய் அடித்து உதைக்கிறான். ஆனால் 'ரொனாபுவியின் கனவு' என்ற கதையில் பழைய மரியாதை மிச்சமிருக்கிறது. ஆர்தரின் அரண்மனையிலேயே அழகாகக் குதிரையேறுபவன் கேய் என்றும், அவனைப் பார்க்கப் படையின் ஓரத்தில் இருப்பவர்கள் நடுவுக்கு ஓடுகிறார்கள் என்றும் அங்கே சொல்லப்படுகிறது.

எல்லாவற்றையும்விட மனதை வருத்துவது 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கதையான 'பெர்லெஸ்வாவ்'. அதில் ஆர்தரின் மகன் லோஹோல்ட் ஓர் அரக்கனைக் கொன்றுவிட்டு அசந்து தூங்குகிறான். கேய் அவன் தலையை வெட்டி, அரக்கனைக் கொன்ற பெருமையைத் தனதாக்கிக்கொள்கிறான். அந்த லோஹோல்ட், வேல்ஸ் மரபின் லாக்கெய் என்றே பலரும் கருதுகிறார்கள். பழைய வாசற்காவலன் கவிதையில் கேயும் லாக்கெயும் தோளோடு தோள் நின்று போரிட்டவர்கள்.

கல்லில் செருகிய வாளை உருவி ஆர்தர் அரசனாகும் கதையில் வருபவனும் இவனா?

இவனேதான். ஆனால் ஆர்தரும் கேயும் ஒரே வீட்டில் வளர்ந்தார்கள் என்பது பிரெஞ்சு மரபு வளர்த்தது. அதில் ஆர்தரை வளர்ப்பதற்காகக் கேயை வேறொரு செவிலியிடம் விடுகிறார்கள், ஆர்தர் கேயின் தாயிடம் பால் குடிக்கிறான். கேயின் கடுஞ்சொல்லுக்கு அதையே காரணமாகவும் சொல்கிறார்கள். 1485இல் அச்சான, ஆர்தர் கதைகளைத் தொகுத்துச் சொல்லும் மாலரியின் நூல் வழியாக இது ஆங்கிலத்தில் நிலைத்தது.

கேய் உண்மையில் வாழ்ந்தவனா?

வரலாற்று ஆதாரம் எதுவும் இல்லை. பெயர் மட்டும் காயுஸ் என்ற ரோமானியப் பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. 9ஆம் நூற்றாண்டின் 'பிரிட்டானியர் வரலாறு' ஆர்தரின் நாயைக்கூடப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, கேயைச் சொல்லவில்லை. 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட புனித காடோக்கின் வரலாற்றில் அவன் வருகிறான். ஆர்தர், கேய், பெட்விர் மூவரும் குன்றின் மேல் பகடை ஆடும்போது, ஓர் இளவரசியைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் ஒருவனைப் பார்க்கிறார்கள். அவள் மேல் ஆர்தருக்கே ஆசை எழ, கூடாது, துன்பப்படுபவர்களுக்கு உதவுவதுதானே நம் வழக்கம் என்று மற்ற இருவரும் தடுக்கிறார்கள். அரசனைத் திருத்தும் இடத்தில் கேய் இருந்த காலம் அது.

அவன் பெயரில் இடங்கள் உண்டா?

வட வேல்ஸில் பாலா ஏரியின் தென்மேற்கு முனைக்கு அருகே 'கயர் காய்' இருக்கிறது. உண்மையில் அது முதல் நூற்றாண்டு ரோமானியக் கோட்டை. கேயின் கோட்டை என்று பிற்கால மரபு அதைச் சொந்தம் கொண்டாடியது. வேல்ஸுக்கு வெளியே, இத்தாலியின் மொதேனா பேராலயத்தில் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செதுக்கிய ஒரு வாயில் வளைவில், ஆர்தருடன் போருக்குப் போகும் குதிரைவீரர்களில் ஒருவனுக்கு மேலே 'கே' என்ற பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. க்ரெத்தியான் எழுதத் தொடங்குவதற்கு முன்பே கேயின் புகழ் அங்கே போய்விட்டது.

எப்படி இறந்தான்?

ஓல்வென் கதை ஒரே வரியில் சொல்கிறது: குவித்தோக் என்பவன் அவனைக் கொன்றான், ஆர்தர் அதற்குப் பழியாக அவனையும் அவன் சகோதரர்களையும் கொன்றான். கயிற்றுச் சண்டைக்குப் பிறகும் ஆர்தர் பழிவாங்கப் போனான் என்பதைக் கவனியுங்கள். ஜெஃப்ரியின் நூலில் முடிவு வேறு. ரோமானியர்களோடு நடந்த போரில் படுகாயமடைந்து, பிரான்சின் ஷினோன் நகரில் இறந்து, அருகிலுள்ள காட்டில் துறவிகளின் மடத்தில் புதைக்கப்படுகிறான்.

எங்கே படிக்கலாம்?

ஓல்வென் கதை 'மாபினோகியன்' என்ற பெயரில் தொகுக்கப்படும் கதைகளில் ஒன்று. ஷார்லட் கெஸ்ட் சீமாட்டி 1838க்கும் 1849க்கும் இடையில் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நடை கொஞ்சம் பழசு, ஆனால் படிக்கலாம். கறுப்புப் புத்தகத்தின் ஏட்டுப் பக்கங்களை அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகம் தன் தளத்தில் படங்களாகவே போட்டிருக்கிறது. முதல்முறை படிப்பவர்கள் ஓல்வென் கதையின் தொடக்கத்தில் வரும் நீண்ட பெயர்ப் பட்டியலைக் கண்டு நிறுத்திவிட வேண்டாம். அதைத் தாண்டிவிட்டுப் படியுங்கள், பிறகு திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம்.